வாட்டர் பம்ப் பிளேயர்: வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

[காட்சி: வாஷ்பேசின் அடியில் டார்ச் வெளிச்சம். பாட்டில் டிராப்பின் (பேசின் தண்ணீர் இறங்கும் பாட்டில் போன்ற பகுதி) மேல் நட்டில் தண்ணீர் சொட்டுகிறது.]

வணக்கம். இந்த நட்டைக் கழற்றி வாஷரை மாற்றப் போகிறோம். நட்டு வட்டமாக இருப்பதால் ஸ்பேனர் உட்காராது. கையால் திருகினாலும் அசையவில்லை. வாயின் அகலத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வாட்டர் பம்ப் பிளேயர் இந்த மாதிரி வேலைக்குத்தான். வீட்டுக்கு 10 இஞ்ச் சைஸ் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் கீழே ஒரு வாளி வையுங்கள். டிராப்புக்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும்.

[காட்சி: பிளேயர் விரிந்த நிலையில், மூட்டு குளோசப்பில்.]

மூட்டில் வரிசையாகப் பள்ளங்கள் தெரிகின்றனவா? மறுபாதியில் இருக்கும் மேடு இந்தப் பள்ளங்களில் ஒன்றில் உட்காரும். பள்ளத்தை மாற்றினால் வாய் அகலமாகும், தாடைகள் கிட்டத்தட்ட இணையாகவே நிற்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில், பின்னாளில் சேனல்லாக் என்று பெயர் மாறிய கம்பெனியில், ஹோவர்ட் மேனிங் என்ற பொறியாளர் 1933-இல் உருவாக்கிய வடிவம் இது.

மேடு பள்ளத்துக்குள் முழுதாக இறங்கியதா என்று பார்த்த பிறகே அழுத்துங்கள். பாதியில் நின்றால் அழுத்தும்போது வழுக்கி, கைப்பிடிகளுக்கு நடுவில் விரல் நசுங்கும்.

எந்தப் பள்ளம்? நட்டைக் கவ்விய நிலையில் இரண்டு கைப்பிடியும் ஒரே கைக்குள் வசதியாக அடங்க வேண்டும். ரொம்ப அகன்றிருந்தால் அழுத்த வலு கிடைக்காது. ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி நெருங்கிவிட்டால், மேலும் இறுக்க இடமே இருக்காது.

[காட்சி: நட்டைக் கவ்விய பிளேயர். திரையில் அம்புக்குறி.]

இப்போதுதான் முக்கியமான இடம். பிளேயரின் தலை ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது. வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கைப்பிடியை அந்தப் பக்கமாகத்தான் தள்ளவோ இழுக்கவோ வேண்டும். அப்படிச் செய்தால், பின்பக்கக் கைப்பிடியில், அதாவது வாய் பார்க்கும் பக்கத்துக்கு எதிரே இருக்கும் கைப்பிடியில், விழும் அழுத்தமே நட்டைத் திருப்பும், தாடையையும் மூடும். திருப்பத் திருப்பக் கவ்வல் இறுகும். எதிர்ப்பக்கம் திருப்பினால் பல் வழுக்கும். உடனே நாம் என்ன செய்வோம்? இன்னும் பலமாக அமுக்குவோம். நட்டின் ஓரம் மழுங்குவதெல்லாம் அப்படித்தான்.

நம் நட்டைக் கீழிருந்து பார்த்தால், கழற்ற கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். வாய் அந்தத் திசையைப் பார்க்கவில்லையா? பிளேயரைப் புரட்டிப் பிடியுங்கள், அவ்வளவுதான். மறுபடி இறுக்கும்போது திரும்பவும் புரட்ட வேண்டும்.

நட்டை வாயின் நுனியில் கவ்வாமல் உள்ளே தள்ளிக் கவ்வுங்கள். முடிந்தவரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். வழுக்கினால் விரல் முட்டி சுவரில் மோதாது.

[காட்சி: குரோம் நட்டின் மேல் துணி சுற்றப்படுகிறது.]

குரோம் பூச்சு இருந்தால் நடுவில் ஒரு துணி வையுங்கள், இல்லையென்றால் பல் தடம் பளிச்சென்று தெரியும். பிளாஸ்டிக் நட்டென்றால் கையால் இறுக்கிவிட்டு, பிளேயரால் ஒரு கால் சுற்று. அதற்கு மேல் போனால் விரிசல் விடும்.

சுவரிலிருந்து வரும் பைப்பில் குழாயைக் கழற்றுகிறீர்களா? இன்னொரு ரெஞ்சால் சுவர்ப்பக்க ஃபிட்டிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பைப் முறியும், அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

கைப்பிடியில் இரும்புப் பைப்பைச் செருகி நீளம் கூட்டுவது வேண்டாம், மூட்டே கழன்றுவிடும். ஆறுபட்டை நட்டுக்கு ஸ்பேனர் கையில் இருக்கும்போது இதை எடுக்காதீர்கள். கைப்பிடியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை பிடிமானத்துக்கு மட்டும்தான், அதை நம்பி மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம்.

[காட்சி: பேசின் நிரம்புகிறது. அடைப்பான் எடுக்கப்படுகிறது.]

வாஷர் மாற்றியாயிற்று. குழாயை லேசாகத் திறந்து பார்த்தால் போதாது. பேசினை நிரப்பி ஒரேயடியாக விடுங்கள். நட்டைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ ஒன்றை ஓட்டுங்கள். ஈரம் பட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். வாய் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு!