எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால், இந்தக் குரோமோசோம் மட்டும் எங்கே போகிறது?

சரி, அடுத்த கேள்வி. "உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் என்கிறீர்கள், ஆனால் சில பறவைகளுக்கு விந்தகத்திலும் சினைப்பையிலும் மட்டும் கூடுதலாக ஒரு குரோமோசோம் இருக்கிறதாமே? உடம்புக்கு உதவாததைப் பரிணாமம் ஏன் விட்டு வைத்திருக்கிறது?"

உண்மைதான், இருக்கிறது. 1998இல் பிகோஸி, சொலாரி என்ற இரண்டு பேர் ஜீப்ரா ஃபின்ச்சில் முதலில் இதைக் கண்டார்கள். ஆஸ்திரேலியப் பறவை, நம்மூர்ப் பறவைக் கடைகளில் கூண்டில் கீச்கீச்சென்று கத்துமே, அதேதான். உடம்பு செல்களில் 40 குரோமோசோம், இனப்பெருக்க செல்களில் மட்டும் அதற்கு மேல் இந்தக் கூடுதல் குரோமோசோம் (ஆணிடம் ஒரு பிரதி, பெண்ணிடம் வழக்கமாக இரண்டு), அதுவும் இருப்பதிலேயே பெரிய குரோமோசோம், மொத்த மரபணுத் தொகுதியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். கரு வளரத் தொடங்கும்போதே உடம்பு செல்கள் இதைக் கழற்றி விட்டுவிடுகின்றன.

ரொம்ப நாள் இதை ஜீப்ரா ஃபின்ச்சின் தனிக் கிறுக்கு என்றுதான் நினைத்தார்கள். 2019இல் 16 வகைப் பாடும் பறவைகளைப் பார்த்தால் பதினாறிலும் இருக்கிறது, சிலவற்றில் பெரிதாக, சிலவற்றில் குட்டியாக! அப்படியானால் இது அந்தக் குலத்தின் தொடக்கத்திலேயே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். (காகமும் மைனாவும் இந்தக் குலம்தான், குரலை வைத்து முடிவு பண்ணாதீர்கள்.)

எங்கிருந்து வந்தது? ஒட்டுண்ணி போலத் தொற்றிக்கொண்டு தன்னை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கடத்திக்கொள்ளும் உபரிக் குரோமோசோம்கள் பல உயிர்களில் உண்டு, இதுவும் அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்ற கருத்து எனக்கு நம்பும்படி இருக்கிறது. இது கடத்தப்படும் விதத்தைப் பாருங்கள்: ஆணிடம் ஒரு பிரதிதான், விந்தணு உருவாகும்போது அதையும் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். பெண்ணிடம் வழக்கமாக இரண்டு பிரதி, அவை ஜோடி சேர்ந்து கருமுட்டைக்குள் போய்விடும். ஆக, கிட்டத்தட்ட எப்போதும் தாய் வழிச் சொத்து. எப்போதாவது அப்பா வழியாகவும் வரும் என்று பிறகு தெரிந்தது.

ஆனால் வெறும் ஒட்டுண்ணியாகவே இருந்திருந்தால் இத்தனை காலத்தில் ஏதாவது ஒரு பறவையாவது இதைத் தொலைத்திருக்கும் இல்லையா? உள்ளே பார்த்தால் மற்ற குரோமோசோம்களிலிருந்து நகலெடுத்து வந்த மரபணுக்கள், ஜீப்ரா ஃபின்ச்சில் மட்டும் குறைந்தது 115, அவற்றில் பல விந்தகத்திலும் சினைப்பையிலும் வேலையும் செய்கின்றன. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டவில்லை, ஊருக்கே வேண்டியதாகிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை, உள்ளே இருக்கும் சரக்கு நிலையானதே இல்லை. நைட்டிங்கேல் பறவையில் இரண்டு நெருங்கிய இனங்கள், பிரிந்து சுமார் 18 லட்சம் ஆண்டுதான், பரிணாமக் கணக்கில் நேற்று மாதிரி. அதற்குள் இரண்டிலும் இந்தக் கூடுதல் குரோமோசோம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. அந்தக் களேபரத்திலும் சிபிஇபி1 என்ற மரபணு மட்டும் இரண்டிலும் முழுசாக நிற்கிறது. மற்ற குரோமோசோமில் இருக்கும் அதன் சாதாரணப் பிரதி கருமுட்டை முதிர்வதில் பங்குள்ளது, அதனால் உங்கள் 'ஏன் விட்டு வைத்தது' என்ற கேள்விக்கு இப்போதைக்கு நான் முதலில் கைகாட்டுவது அந்த மரபணுவைத்தான்.