அறுபதுக்குப் பிறகும் ஐவர் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

பூப்பந்து என்று சொன்னதும் இறகுப்பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் பேசப்போவது மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தை வைத்து, வெட்டவெளியில், பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று ஆடும் ஆட்டத்தைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆடிவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆனபின் விட்டுவிட்டவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர்களில் சிலர் மறுபடியும் பேட்டை எடுத்திருக்கிறோம். எங்கள் கிளப்பில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள்.

பழைய ஆட்டம் இது. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் 1856-லேயே ஆடினார்கள் என்று சொல்வார்கள். இந்திய அளவிலான சம்மேளனம் 1954-ல் அமைந்தது. பெரிய செலவு கிடையாது. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்துக்கு ஒரு சமமான தரை, இரண்டு கம்பம், ஒரு வலை, கோடு போடக் கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்வளவுதான்.

நம் ஊருக்கு இந்த ஆட்டம் பொருந்துவதற்குக் காற்றும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். இறகுப்பந்தின் எடை 5 கிராம் அளவு. அந்தக் காற்றில் அதை வைத்து வெளியே ஒன்றும் செய்ய முடியாது. கம்பளிப் பந்து 27, 28 கிராம் இருக்கும். காற்று அதைத் திருப்பும், ஆனால் பறித்துக்கொண்டு போகாது. இந்த வித்தியாசத்தில்தான் வயதானவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

நாங்கள் ஆடும் களம் தோவாளைக்குப் பக்கத்தில். காலை வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க வடக்கு தெற்காகக் கோடு போட்டிருக்கிறோம். அதனால் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று குறுக்கே வரும். எங்களில் ஒருவர் பூ வியாபாரி. விடியுமுன்பே சந்தைக்குப் போய் வேலையை முடித்துவிட்டு, கையில் பிச்சிப்பூ மணத்தோடு வந்து நிற்பார். வேகமாக ஓட அவரால் முடியாது, ஸ்மேஷும் கிடையாது. பின்வரிசையில் நின்றுகொண்டு, மேற்குக் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே குறிவைத்துப் பந்தைத் தூக்கி அடிப்பார். எதிர்ப்பக்கத்துக்காரர் அண்ணாந்து பார்த்து, "அவுட், விடு விடு" என்று பேட்டை இறக்குவார். பந்து மேலே போய் ஒரு கணம் தயங்கி, காற்றில் வளைந்து, கோட்டுக்கு உள்ளே வந்து விழும். புதிதாக வரும் இளைஞர்கள் இதில் ஏமாறாமல் இருந்ததே இல்லை. ஐம்பது வருடம் இந்தக் காற்றில் நடந்து பழகியவருக்குத்தான் அந்த ஒரு முழக் கணக்கு தெரியும்.

அதேபோல கட் சர்வீஸ். இடுப்புக்குக் கீழே பந்தை அடித்து, குறுக்கே எதிர்க்களத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. பந்தின் அடிப்பக்கத்தைப் பேட்டின் நரம்பால் சீவி விட்டால், அது வலையைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். இதற்குத் தோள்பலம் வேண்டாம், மணிக்கட்டு போதும். பனி இறங்கிய காலைகளில் கம்பளி ஈரம் குடித்துக் கனத்துவிடும். அப்போது எப்படிச் சீவுவது, வெயில் ஏறிப் பந்து காய்ந்தபின் எப்படிச் சீவுவது என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பெரியவர்கள் ஆடுகிறார்கள் என்றால், "சும்மா தட்டிக்கொண்டு இருக்கிறார்கள், உடம்புக்கு நல்லதுதானே" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், ரோட்டில் போகிறவர்களும் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உடம்புக்காக மட்டும் என்றால் நடந்துவிட்டு வரலாமே! நாங்கள் வருவது ஆட்டத்துக்கு. ஆட்டம் என்றால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பார்க்க வேண்டும், தோற்றால் மனசுக்குள் கொஞ்சம் உறுத்த வேண்டும்.

எங்களோடு எழுபதைத் தாண்டிய ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஆடுகிறார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து, மருத்துவர் சம்மதித்த பிறகு திரும்பி வந்தார். முன்வரிசையில் நின்றார். எதிரே இருந்தவர்கள் அவர் பேட்டுக்கே பந்தை மெதுவாகப் போட்டுக் கொடுத்தார்கள். நாலைந்து பந்து அப்படியே போனது. அவர் பேட்டைத் தரையில் வைத்துவிட்டு, "மக்கா, எனக்குப் பந்து போட்டுத் தராண்டாம். ஆடுறதா இருந்தா ஆடுங்க" என்றார். கோபம் இல்லை, ஆனால் குரலில் வருத்தம் இருந்தது. அன்றைக்கு அத்தனை பேருக்கும் அது உறைத்தது.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆட்டத்துக்கு நடுவே யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டியதை முன்னாலேயே கொடுத்துவிடுவது. ஒரு பக்கம் வலு குறைவு என்று தெரிந்தால், 35 பாயின்ட் ஆட்டத்தில் அவர்களுக்கு ஐந்தோ எட்டோ முதலிலேயே எழுதிவிடுவோம். எத்தனை என்பதை முடிவு செய்வது ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை ஒருவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். சென்டரில் நின்று ஆடுகிறவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. முதல் பந்து போட்டபின் தயவுதாட்சண்யம் பார்க்கக் கூடாது.

இது எங்கள் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஹேண்டிகேப் என்று ஒரு கணக்கு உண்டு. ஆடுகிறவரின் திறமைக்குத் தக்கபடி, அவர் எடுத்த அடிகளில் இருந்து சிலவற்றைக் கழித்துவிடுவார்கள். 2020-ல் அதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே முறையையும் கொண்டுவந்தார்கள். அதனால்தான் அங்கே எழுபது வயதுக்காரரும் முப்பது வயதுக்காரரும் ஒரே சுற்றில் மனதார மோத முடிகிறது. நம் ஊர் ஆட்டங்களுக்கும் இது வர வேண்டும் என்பது என் ஆசை. கேரம், செஸ், இறகுப்பந்து எதுவாக இருந்தாலும் சரி, முதியவருக்குக் கணக்கில் சலுகை கொடுங்கள், ஆட்டத்தில் கொடுக்காதீர்கள்.

அந்தக் கண்டக்டர் இப்போது முன்வரிசை வலப்பக்கம் நிற்கிறார். போன ஆடியில் ஒரு நாள் 34-க்கு 33. அவர் பக்கம் ஒரு பாயின்ட் பின்தங்கி இருந்தது. நேரே முகத்துக்கு வந்த பந்தைத் தட்டி வலையை ஒட்டி விழவைத்தார். 34-க்கு 34. ஆனாலும் கடைசியில் தோற்றார்கள். தோற்ற பிறகு அரை மணி நேரம், மட்டிப்பழம் தின்றுகொண்டே, எந்தப் பந்தை யார் எடுத்திருக்க வேண்டும் என்று அவர் செய்த விவாதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! போட்டுக் கொடுத்த பந்தில் ஜெயித்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

புதிதாகத் தொடங்க நினைக்கும் பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். பின்பக்கமாக ஓடிப் பந்தை எடுக்காதீர்கள். விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. தலைக்கு மேல் போகும் பந்து பின்னால் நிற்பவருடையது. அவர் "எனக்கு" என்று சத்தம் கொடுத்தால் விலகிவிடுங்கள்.

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மைதானத்தில் பூப்பந்துக் கம்பங்கள் எங்காவது துருப்பிடித்து நின்றால், காலை ஆறிலிருந்து ஏழரை வரை அந்த இடத்தை ஊர்ப் பெரியவர்களுக்குத் திறந்துவிடுங்கள். வலையும் பந்தும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள், கோடும் அவர்களே போடுவார்கள். பிள்ளைகள் மணி அடித்து உள்ளே வரும்போது களம் தயாராக இருக்கும்.

நன்றி, வணக்கம்.