அடுப்படியிலேயே பிரிப்போம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காய்கறித் தோலும் பால் கவரும் ஒரே வாளிக்குள் விழுந்து ஊறிவிட்டால், பிறகு யார் வந்தாலும் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய இடம் நம் அடுப்படிதான்.

மதுரையில் எங்கள் வில்லாபுரம் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவரும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருமுறை சொன்னார்: "டீச்சர், பைக்குள்ள என்ன கெடக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. கை பட்டப்புறந்தான் தெரியும்." பிளேடு, உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின் எல்லாம் சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவே கிடக்கின்றன. நாம் முடிச்சுப் போட்டு வாசலில் வைக்கும் பையை இன்னொருவர் வெறுங்கையால் அவிழ்க்கிறார். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மதுரையில் மாடு வைத்திருந்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்த காலம் உண்டு. அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போகும். பால்காரர் வந்து எடுத்துக்கொள்வார். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழி இருக்கும். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் அதை வெட்டி, வண்டியில் ஏற்றி வயலுக்குக் குப்பை அடிப்பார்கள். இன்றைய குப்பையை அப்படிக் கொண்டுபோய்க் கொட்டினால் உழுகிற சாலெல்லாம் பாலித்தீன் சிக்கும். கெடுதலைக் கொண்டுவந்தது இந்தக் கலப்புதான்.

இப்போது காய்கறிக் கழிவை உரமாக்கும் பானைக்கு வருவோம். மாடி வீட்டிலும் இதைச் செய்யலாம். வாய் அகன்ற மண்பானை, இல்லாவிட்டால் பழைய பெயிண்ட் வாளி. பக்கவாட்டில் சுற்றிலும் துளை, அடியிலும் ஒன்றிரண்டு. நாலு விரல்கடை உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூளோ காய்ந்த வேப்பஞ்சருகோ பரப்புங்கள். அதன் மேல் அன்றைய கழிவு: வெங்காயத் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், வடிகட்டிய தேயிலை, நொறுக்கிய முட்டை ஓடு, வாடிய மல்லிகைச் சரம். பூவை வாழைநாரில் தொடுத்திருந்தால் சரத்தோடு போடலாம். நைலான் நூலானால் நூலை உருவிவிடுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் மக்குவது வேகம் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் கழிவு தெரியாதபடி மேலே சருகு தூவி மூட வேண்டும். இந்த மூடாக்கை விட்டுவிடுகிறவர்கள்தான் "நாறுது, எனக்கு வேண்டாம்" என்று பானையைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்று போகவில்லை என்று பொருள். சருகைக் கூடப் போட்டுக் கிளறிவிடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். புழுவைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அது கழிவைத் தின்று மக்கவைக்கிற புழு. உங்களை ஒன்றும் செய்யாது, சருகு போட்டு மூடிவிட்டால் போதும். குழம்பு, எண்ணெய், எலும்பு, மீன் கழிவு இவற்றைப் பானையில் போடாதீர்கள், எலி வரும். ஞாயிற்றுக்கிழமைக் கறி எலும்பு மக்கும் குப்பையாக வண்டிக்குப் போகட்டும். பானை நிறைந்தால் ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது பானையைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதல் பானையில் கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் இருக்கும். ரோஜாத் தொட்டிக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது மக்காத குப்பை. பால் கவரை வெட்டும்போது மூலையை முழுசாகத் துண்டித்துவிடாதீர்கள். அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது; சாக்கடைக்கும் கண்மாய்க்கும் போய்ச்சேரும். பாதி வெட்டி மடக்கிவிட்டு, கவரை அலசிக் கொடியில் காயப்போடுங்கள். பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.

பிளாஸ்டிக் சாலையைக் கண்டுபிடித்தது நம் ஊர்தான் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போட்டுக் காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடாக்கிய ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது இளகி ஜல்லியைப் போர்த்துக்கொள்ளும். அதன் பிறகு தார் ஊற்றுவார்கள். தண்ணீர் உள்ளே இறங்காது, குழி விழுவது குறையும். கடையில் விலைபோகாத கேரி பேக்கும் பிஸ்கட் உறையும்கூட இதற்கு உதவும். ஆனால் அது காய்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். சாம்பாரில் ஊறிய கவரை எந்த இயந்திரத்தில் போட்டுத் துருவுவது?

நாப்கின், டயப்பர், காலாவதியான மாத்திரை, பேட்டரி, டியூப் லைட் இவற்றைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. தெருமுனையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புகையை முதலில் இழுப்பது உங்கள் வீட்டுக் குழந்தைதான்.

சித்திரைத் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை முடிந்த காலையில் தல்லாகுளத்திலும், அவர் ஆற்றில் இறங்கிய பிறகு வைகை மணலிலும் கப்பும் பாக்கெட்டுமாகக் கிடக்கிறது. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் தம்ளர், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. பந்தலுக்குச் சாமியானா எடுக்கிற வாடகைக் கடையிலேயே எவர்சில்வர் தம்ளரும் கேளுங்கள். கழுவ இரண்டு அண்டாத் தண்ணீரும் இரண்டு பேரும் இருந்தால் போதும். எங்கள் தெருப் பெண்களைக் கூப்பிட்டால் நாங்கள் வந்து கழுவித் தருகிறோம். வணக்கம்.