தேடுபொறி மாறும்போது இணையதளம் எதை மாற்ற வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக ஓர் இணையதளம் வைத்துத் தொழில் நடத்துவோரையும் தகவல் தருவோரையும் சந்திக்கும் போதெல்லாம், "கூகுள் மறுபடியும் எதையோ மாற்றிவிட்டதாமே, இனி நாங்கள் என்ன செய்வது?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பெரும்பாலான வாசகர்கள் தேடுபொறி வழியாகவே ஒரு தளத்துக்கு வருகிறார்கள் என்றால், அதன் தரவரிசையில் நேரும் சிறு அசைவும் அந்தத் தளத்தின் வருவாயைத் தொட்டுவிடும் என்பதால், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தளத்தை முழுவதும் கலைத்துப் போடுவது பெரும்பாலும் நன்மையைவிடத் தீமையையே தருகிறது. இதுவரை வந்த மாற்றங்கள் எந்தத் திசையில் போயிருக்கின்றன என்று பார்த்துவிட்டால், எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தெளிவாகும்.

லாரி பேஜும் செர்கெய் பிரினும் 1998-இல் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டும் பிற பக்கங்களின் இணைப்புகளை அதன் மதிப்புக்கான சான்றுகளாகக் கொண்டார்கள். அந்த முறை வெற்றி பெற்றவுடனேயே இணைப்புகளை விலைக்கு வாங்குவதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளாகச் சொற்களை ஒளித்து வைப்பதும் தொழிலாகிவிட்டன. 2011 பிப்ரவரியில் வந்த பாண்டா என்னும் மாற்றம் சரக்கில்லாத பக்கங்களையும், 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் செயற்கையான இணைப்புகளையும் பின்னுக்குத் தள்ளின. பக்கத்தின் தலைப்பகுதியில் திறவுச்சொற்களை அடுக்கும் வழக்கத்தைத் தாம் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்காகத் தனிக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

பின்னர் வந்த மாற்றங்கள் தமிழ்த் தளங்களுக்கு இன்னும் முக்கியமானவை. சொற்றொடரின் பொருளைச் சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் பெர்ட் என்னும் மொழி மாதிரியைக் கூகுள் 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலிலும், அதே ஆண்டு டிசம்பரில் தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் பயன்படுத்தத் தொடங்கியது. தமிழில் ஒரே பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்றுப் பல வடிவம் கொள்ளும். கோயில் என்று தேடுபவருக்காகக் கோயிலில், கோயிலுக்கு, கோயிலின் என்று எல்லா வடிவங்களையும் ஒரு பத்திக்குள் திணித்து எழுதும் பழக்கம் அதற்கு முன்பே வாசகரைச் சோர்வடையச் செய்துகொண்டிருந்தது. இப்போது அதற்குத் தேவையும் குறைந்துவிட்டது. இயல்பாக எழுதுங்கள் என்பதுதான் இங்கே என் ஆலோசனை.

தமிழ்த் தளங்கள் உண்மையிலேயே தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த இடம் வேறொன்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தும், பல ஆண்டுகள் நம் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியாக்கத்தில் இயங்கின. திரையில் தமிழாகத் தெரிந்த வரி, தேடுபொறியின் பார்வையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளும், அறிவிப்பு முழுவதையும் படமாக்கி ஏற்றும் வழக்கமும் தொடர்கின்றன. படத்துக்குள் இருக்கும் விலைப்பட்டியலையோ விண்ணப்பக் கடைசித் தேதியையோ நம்பித் தேடல் முடிவுகளில் இடம் எதிர்பார்க்க முடியாது. உங்கள் தளத்தில் இன்றே ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும் என்றால், படமாக இருக்கும் உரையை எழுத்தாக மாற்றுங்கள்.

அடுத்தது செல்பேசி. தளத்தின் கணினி வடிவத்தை விட்டுவிட்டுச் செல்பேசி வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டு பக்கங்களைப் பதிவு செய்யும் முறையைக் கூகுள் 2016-இல் அறிவித்து, 2023 அக்டோபரில் நிறைவு செய்தது. கணினியில் முழுக் கட்டுரையையும் வைத்துவிட்டு, செல்பேசியில் இடம் போதவில்லை என்று பாதியை நீக்கியிருந்தால், நீக்கிய பாதி தேடுபொறியைப் பொறுத்தவரை இல்லாததே. வேகத்துக்கும் அளவுகோல்கள் வந்துவிட்டன: பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். வாசகர் விரலால் தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பக்கம் பதில் தர வேண்டும். படிக்கும்போது வரிகள் இடம் தாவக்கூடாது. தமிழ் எழுத்துருவைத் தனியாகத் தரவிறக்கும் தளங்களில் இந்தக் கடைசிக் குறை அதிகம். எழுத்துரு வந்து சேரும்போது வரியின் நீளம் மாறி, பக்கம் முழுவதும் குதிக்கிறது. எழுத்துருவின் தடிப்பு வகைகளைக் குறைத்தாலே சிக்கல் ஓரளவு குறையும். ஆனாலும் வேகம் மட்டுமே ஒரு பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிடாது.

மாற்றத்துக்கு ஈடுகொடுக்கிறேன் என்று தளத்தைப் புதுப்பிப்பவர்கள், பக்க முகவரிகளையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் நான் காணும் பெரிய இழப்பு. பல ஆண்டுகளாகப் பிறர் தந்த இணைப்புகளும், வாசகர் சேமித்து வைத்த குறிப்புகளும் அந்தப் பழைய முகவரியில்தான் நிற்கின்றன. முகவரியை மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பழைய பக்கத்திலிருந்தும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு வருபவரைத் தானாகவே அனுப்பிவைக்கும், 301 என்னும் நிரந்தரத் திசைதிருப்பலை அமைத்து, அதைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடுவது, வீடு மாறியவர் புதுத் தெருவின் பெயரை மட்டும் எழுதி ஒட்டிவிட்டுப் போவது போன்றதே.

வருகை குறைந்தால் உடனே தளத்தைத் திருத்தத் தொடங்காதீர்கள். கூகுளின் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவி 16 மாதத் தரவுகளைக் காட்டுகிறது. சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால், தேர்வுக் காலத்தாலோ பொங்கல் விடுமுறையாலோ வந்த சரிவு தனியாகத் தெரிந்துவிடும். அதன்பின் கவனமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பக்கம் தேடல் முடிவுகளில் தோன்றும் எண்ணிக்கையும் அதன் இடமும் அப்படியே இருக்க, சொடுக்குகள் மட்டும் குறைந்திருந்தால், உங்கள் பக்கத்தின் தரம் அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. முடிவுகள் காட்டப்படும் விதம் மாறியிருக்கக்கூடும்.

இன்றைய பெரிய மாற்றமும் அதுவே. செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடையை முடிவுகளின் உச்சியில் காட்டும் முறையைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. ஒரே வரியில் முடியும் விடைக்காக மட்டும் எழுதப்பட்ட பக்கங்களுக்கு இனி வாசகர் வருவது கடினம். இதற்கு ஈடாக, அதே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுதிக் குவிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தரவரிசைக்காகவே பெருமளவில் உருவாக்கப்படும் உள்ளடக்கத்தை, அதை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், விதிமீறலாகக் கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்திருக்கிறது. அதற்கும் மேலாக, வேறு மொழியிலிருந்து இயந்திரம் பெயர்த்த உயிரற்ற தமிழால் இணையத்தை நிரப்புவது நம் மொழிக்கு நாமே செய்யும் கேடு. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடக் கூகுள் அமர்த்தும் மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில், நிபுணத்துவம், நம்பகத்தன்மை ஆகியவற்றோடு நேரடி அனுபவம் என்பதும் 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. சொந்த நிலத்தில் ஒரு நெல் ரகத்தைப் பயிரிட்டவர், அதன் வயது, செலவு, விளைச்சல் ஆகியவற்றைத் தம் படங்களோடு எழுதினால், அந்தப் பக்கத்துக்கு ஈடான ஒன்றை எந்தத் தொகுப்பும் தர முடியாது.

கடைசியாக, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் உங்கள் எழுத்தை எடுத்துக்கொள்வது பற்றிய முடிவையும் நீங்களே எடுக்க வேண்டும். எந்த இயந்திரம் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt), சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காகப் பக்கங்களைத் திரட்டும் ஜிபிடிபாட் என்னும் நிரலுக்கு அனுமதி மறுக்கலாம். கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு மட்டும் மறுக்க, கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற தனிக் குறியீடு 2023 முதல் இருக்கிறது, அதனால் தேடல் தரவரிசை பாதிக்கப்படாது. ஆனால் அவசரத்தில், தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் கூகுள்பாட் என்ற நிரலின் பெயரையே அதே கோப்பில் தடுத்துவிட்டால், அது உங்கள் பக்கங்களைப் படிப்பதையே நிறுத்திவிடும். ஆகவே அந்தக் கோப்பில் கைவைக்கும் முன், ஒவ்வொரு வரியையும் உங்கள் தளத்தை அமைத்தவரோடு சேர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.