கல்லால் கரை கட்டும் தவளை

[காட்சி: கிளியூர் அருவியின் அடிவாரம், பாறைக்குழியில் தேங்கிய நீர்]

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நாட்களில் இந்தப் பாறைகள் வெள்ளத்தில் மறைந்துவிடுகின்றன. மழை ஓய்ந்து சில வாரங்கள் கழித்து வந்தால், இவற்றின் குழிகளில் மட்டுமே கொஞ்சம் நீர் நிற்கிறது. இப்படி ஏறி இறங்கும் ஓடையில் முட்டையிடும் உயிருக்கு வெள்ளமும் பகை, வறட்சியும் பகை. உலகின் மிகப்பெரிய தவளை இந்தச் சிக்கலுக்குக் கண்டிருக்கும் வழியை, இந்தக் குழியின் அருகில் நின்று சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

கோலியாத் தவளை சேர்வராயன் மலையில் இல்லை. ஆப்பிரிக்காவில் கேமரூன், எக்குவடோரியல் கினி ஆகிய இரு நாடுகளின் மழைக்காட்டு ஆறுகளில் மட்டுமே அது வாழ்கிறது. உடல் நீளம் 30 சென்டிமீட்டரைத் தாண்டும்; எடை 3 கிலோவுக்கும் மேல் போகும். சேலம் உழவர் சந்தையில் நாம் நிறுத்து வாங்கும் ஒரு நடுத்தரப் பூசணிக்காயின் எடை அது.

[காட்சி: கேமரூன் வரைபடம், ம்பூலா ஆறு]

1906-இல் அறிவியல் பெயர் பெற்ற இத்தவளை தன் குஞ்சுகளுக்காகக் குட்டை அமைக்கிறது என்ற செய்தி, 2019-இல்தான் ஆய்வுக்கட்டுரையாக விரிவாக வெளிவந்தது. பாறைக்குழி கிடைத்தால் அதிலுள்ள இலைகளையும் குப்பையையும் அகற்றிச் சுத்தமாக்குகிறது. கரையோரம் ஆழமில்லாத பள்ளம் இருந்தால், உள்ளே கிடக்கும் சருகையும் சரளையையும் விளிம்புக்குத் தள்ளி வரப்பாக்குகிறது. இரண்டும் இல்லாத இடத்தில் சரளைக் கரையைத் தானே தோண்டி, சுற்றிலும் பெரிய கற்களை அடுக்குகிறது. இந்த மூன்றாவது வகைதான் என்னை வியக்க வைக்கிறது: நகர்த்தப்பட்ட கற்களில் சில 2 கிலோ வரை எடையுள்ளவை, அதாவது தன் உடல் எடையில் பாதிக்கும் மேல். இந்த உழைப்புக்கு ஈடுகொடுக்கவே இவ்வினம் இத்தனை பெரிதாக வளர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

[காட்சி: இரவு, குட்டையோரம் அசையாமல் அமர்ந்திருக்கும் தவளை]

ஓட்டத்திலிருந்து பிரிந்த இந்தக் குட்டையில் முட்டைகளை ஆற்றின் வேகம் இழுத்துச் செல்வதில்லை. அவற்றைத் தின்னும் மீன்களும் இறால்களும் எளிதில் நுழைவதில்லை. இரவில் பெரிய தவளை ஒன்று அருகிலேயே இருந்து காவல் காக்கிறது. வெளிவரும் தலைப்பிரட்டைகளோ, மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைவிடப் பெரியவை அல்ல.

கட்டுவது யார் என்பதை அங்குள்ள தவளை வேட்டைக்காரர்களே ஆய்வாளர்களிடம் விவரித்தார்கள். ஆண் குட்டையைக் கட்டி முடித்து, சீழ்க்கை போன்ற ஒலியால் பெண்ணை அழைக்குமாம். முட்டையிட்ட பின் காவல் பெண்ணுடையது. ஆற்றோரத்தில் அவ்வளவு நெருக்கமாக இத்தவளையைப் பார்த்தவர்கள், அதை இறைச்சிக்காகப் பிடிப்பவர்களும்கூட. வேட்டையாலும் காடு குறைவதாலும் கோலியாத் தவளை இன்று அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.