ஆற்றைக் கடக்காத உயிரொலி

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்து ஊர்களின் பேச்சு நாளடைவில் ஒன்றுபோலாகிவிடும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதிக்க, அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் கனடாவின் விண்ட்சரையும்விடப் பொருத்தமான இடம் அரிது. நடுவில் ஓர் ஆறுதான் எல்லை. 1929இல் பாலமும் 1930இல் சுரங்கச் சாலையும் திறக்கப்பட்டன.

பெரிய நகரம் தன் மக்கள்தொகைக்கும் இடைத்தொலைவுக்கும் ஏற்பச் சிறிய நகரத்தின் பேச்சைத் தன்பால் இழுக்கும் என்று மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1974இல் ஒரு கணக்கை முன்வைத்தார். அதன்படி விண்ட்சர் டெட்ராய்ட்டைப்போலவே பேசவேண்டும். பேசவில்லை என்று 2000இல் மொழியியலாளர் சார்லஸ் போபர்க் காட்டினார். பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல்லை டெட்ராய்ட்டில் பலர் நாக்கின் முன்பகுதியை உயர்த்தி, ஏறக்குறைய 'கெயட்' என்று சொல்வார்கள். கனடியர் நாவிலோ அதே உயிரொலி தாழ்ந்து பின்வாங்குகிறது.

காரணம் பிடிவாதம் அன்று. உயிரொலிகளின் அமைப்பே என்பது என் கருத்து. கட்டிலையும் 'பிடித்தான்' என்பதையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் நாம் 'காட்' என்றே எழுதுகிறோம். கனடியர் அவற்றை ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். அவ்விரு உயிர்களும் வாயின் பின்புறத்தில் கலந்துவிட்டதால் முன்னே இடம் காலியாகி, பூனையின் உயிர் அதை நோக்கி நகர்ந்தது. டெட்ராய்ட்டில் கட்டிலின் உயிர் முன்னோக்கி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனாலேயே இரண்டும் கலக்கவில்லை.

டெட்ராய்ட்டைப்போலவே உயிரொலிகள் நகர்ந்த சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தள்ளியுள்ள செயின்ட் லூயிஸில் நடந்தது வேறு. நாற்பதை 'ஃபோர்ட்டி' என்னாமல் 'ஃபார்ட்டி' என்னும் பழைய வழக்கு அங்கே தேய, சிகாகோவின் உயிர்கள் நெடுஞ்சாலை வழியே வந்து சேர்ந்தன. ஆனால் அவை உதிரிகளாகவே வந்தன என்று மொழியியலாளர் வில்லியம் லபோவ் 2007இல் விளக்கினார்: பெற்றோரிடமிருந்து குழந்தை ஒலியமைப்பை முழுமையாகப் பெறுகிறது, பெரியவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வதோ துண்டுதுண்டாகத்தான்.

இன்று டெட்ராய்ட் அமைந்துள்ள மிச்சிகன் மாநில இளைஞர்களிடையேயும் பூனையின் உயிர் மீண்டும் தாழ்ந்து வருகிறது. இதைக் கனடாவின் செல்வாக்கு என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஏனெனில் எல்லைக்கு வெகுதொலைவிலுள்ள கலிஃபோர்னியாவிலும் அதே உயிர் அதே திசையில்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது.