தாய் சொல்லும் வாசனை

நேயர்களுக்கு வணக்கம். பிறந்த குழந்தை இரண்டு நாள் நன்றாக இருக்கும். பால் குடிக்கும், அழும், தூங்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மார்பில் வாய் வைக்க மறுக்கும். வாந்தி எடுக்கும், துவண்டுபோகும், மூச்சு வேகமாக வாங்கும். கிருமித்தொற்று என்று ஊசி மருந்து தொடங்குவார்கள். பெரும்பாலும் அதுதான் காரணம், தொடங்கத்தான் வேண்டும். ஆனால் சில குழந்தைகளுக்குக் கிருமி காரணமல்ல, குடித்த பால்தான் காரணம். அந்தப் பாலின் புரதத்தை உடலுக்குள் பக்குவப்படுத்தும் நொதிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. வயிற்றில் இருந்தவரை கழிவைத் தாயின் உடல் அகற்றியது. பிறந்தபின் அது தேங்கி மூளையைத் தாக்குகிறது. பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் என்று இவற்றைச் சொல்கிறோம். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. என் ஆராய்ச்சி வாழ்க்கை இவற்றோடுதான் கழிந்தது.

நான் ஆய்வுக்கூடத்துக்கு வந்த காலத்தில் எங்கள் கையில் இருந்தவற்றில் முக்கியமானது ஃபெரிக் குளோரைடு சீசா. குழந்தையின் சிறுநீரில் சில சொட்டு விட்டு நிறத்தைப் பார்ப்போம். அந்தச் சீசாவுக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நார்வே நாடு, 1930-களின் தொடக்கம். அந்தத் தாய்க்கு இரண்டு குழந்தைகள். மூத்தது பெண், இளையது பையன். இருவருக்கும் மூளை வளர்ச்சி இல்லை. பெண்ணுக்குச் சில வார்த்தைகள் வரும். பையனுக்கு நடையும் இல்லை, பேச்சும் இல்லை. பிள்ளைகள் மேல் எப்போதும் ஒரு விசித்திர வாசனை. தாய் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். வாசனைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் காது கொடுக்கவில்லை. அவர் விடவில்லை. 1934-ல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்தார். ஃபோலிங் மருத்துவத்துக்கு முன்பே வேதியியல் படித்தவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார். நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் வரும் கீட்டோன் என்ற பொருள் இருந்தால் சிவந்த ஊதா வரும், இல்லையென்றால் பழுப்பாகவே நிற்கும். இங்கே வந்ததோ கரும்பச்சை. சில நிமிடத்தில் மங்கியும் போனது. இரண்டு பிள்ளைகளுக்கும் அதே பச்சை. டானிக், மருந்து எல்லாவற்றையும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் பச்சை! காரணத்தைப் பிரித்தெடுக்கச் சிறுநீர் நிறைய வேண்டியிருந்தது. தாய்தான் சேர்த்துச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார், சுமார் 22 லிட்டர். அதிலிருந்து பிடிபட்டது பினைல்பைருவிக் அமிலம். நாம் இன்று பினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு. என்று சொல்லும் நோய் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அது உதவவில்லை, காலம் கடந்துவிட்டது.

ஒரு தாய் "என் பிள்ளையிடம் என்னமோ சரியில்லை" என்றால் அது மருத்துவத் தகவல். லேப் ரிப்போர்ட்டுக்குச் சமமான தகவல். மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இது.

சிகிச்சையும் இன்னொரு தாயின் பிடிவாதத்தில்தான் பிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில், 1951 வாக்கில், ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூட வாசலில் ஒரு தாய் தினமும் காலையில் வந்து நின்றார். நோய்க்குப் பெயர் சொல்கிறீர்களே, வழி என்ன என்று கேட்டார். பி.கே.யு. பிள்ளைகளின் உடலால் பக்குவப்படுத்த முடியாதது பினைல்அலனைன், புரதத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்; அதுதான் தேங்கி பினைல்பைருவிக் அமிலமாகிறது. அதைக் கரியால் வடிகட்டி நீக்கிய உணவு தயாரானது. சில மாதங்களில் அந்தத் தாயின் பெண் குழந்தை தவழ ஆரம்பித்தாள். மூளைக்கு உணவிலேயே மருந்து உண்டு என்பது தெரிந்தது. ஆனால் பாதிப்பு வருமுன் கண்டுபிடித்தால்தான் முழுப் பலன்.

அதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவர் மகனுக்கு மூளை வளர்ச்சிக் குறைவு, மைத்துனி மகளுக்கு பி.கே.யு. குழந்தையின் குதிகாலில் குத்தி, தடித்த வடிதாளில் வரைந்த வட்டத்துக்குள் சொட்டு ரத்தத்தை ஊறவிட்டு, நிழலில் உலர்த்தி, தபாலில் அனுப்பலாம் என்று காட்டினார். 1960-களில் பரவிய முறை. அதே அட்டையில் இன்று ஒரே கருவி டஜன் கணக்கான நோய்களைப் பார்த்துவிடுகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். நேரம் ஆகிவிட்டது என்று நிலைய நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கால்வாசிக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்தான். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள். உறவில் கட்டினால் ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் 25 விழுக்காடு அபாயம். இதில் யாரும் குற்றவாளி இல்லை. "மூத்ததும் இப்படித்தான் நாலாம் நாள் போச்சு" என்று பாட்டி சொன்னால், அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகுமுன், பால் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆனபின், குதிகால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். குழந்தை பிழைக்காது என்ற நிலையிலும் ஒரு அட்டையில் ரத்தம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கேட்கவே கொடுமையான நேரம், தெரியும். ஆனால் நோய் என்னவென்று அதில் தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரம் முடிந்ததும் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட முடியும். நன்றி, வணக்கம்.